80 கிடைக்காத வீட்டுக்கு 8443

போன அத்தியாயத்தின் முடிவில் ராஸ்பெர்ரி பை பலகையில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஏறிவிட்டது. ஹாலில் உட்கார்ந்து, வீட்டு வைஃபையில் இருக்கும் செல்போனில் 192.168.1.10 என்று அடித்தால் பக்கம் வருகிறது. இன்றைய மழை அளவும், மொட்டை மாடியிலிருந்து எடுத்த கொல்லிமலைப் படமும் தெரிகின்றன. அதே செல்போனோடு சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்தால் ஒன்றும் வராது. 192.168 என்று தொடங்கும் முகவரி உங்கள் வீட்டுச் சுவருக்குள் மட்டும் செல்லும். சென்னையில் இருக்கும் மகளோ, சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோ அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் சில வேலைகள் பாக்கி.

இணையத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி. அந்த முகவரியில் 65,535 கதவுகள். கதவின் எண்தான் போர்ட். கலைச்சொல் பட்டியல்களில் ‘துறை’ என்று இருக்கும். நல்ல சொல்தான். ஆனால் லைன் பார்க்க வருபவரிடம் போர்ட் என்றால்தான் வேலை நடக்கும் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். முகவரியில் எண் எதுவும் போடாவிட்டால், சாதாரணப் பக்கத்துக்கு 80-ஆம் கதவையும், பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கத்துக்கு 443-ஆம் கதவையும் உலாவி தானாகவே தட்டும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து இந்த இரண்டுக்கும் வழி கிடைப்பதில்லை. அப்போது வேறொரு எண்ணில் கதவைத் திறந்து, அந்த எண்ணை முகவரியோடு சேர்த்துச் சொல்கிறோம். வேலை இவ்வளவுதான் என்றாலும், இதைத் தொடங்கும் பலர் தவறான இடத்தில் தொடங்கி இரண்டு மூன்று நாளை வீணாக்குகிறார்கள்.

போர்ட்டுக்கு முன்னால் முகவரி

எந்த போர்ட்டைத் திறக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘ஸ்டேட்டஸ்’ பகுதிக்குள் வான் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி வருகிறது. வேறாக இருந்தால், அதிலும் ரூட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்திலோ, 10 என்றோ இருந்தால், உங்கள் வீடு இணைய நிறுவனத்தின் பெரிய நேட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் கோரிக்கை எந்த வீட்டுக்கானது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. 80 ஆனாலும் 8443 ஆனாலும் 20443 ஆனாலும் பலனில்லை.

இந்த நெருக்கடிக்கு நம் ஊர் கேபிள்காரர் காரணமில்லை. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவற்றை உலகுக்குப் பங்கிடும் மைய அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலும், ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலிலும் கடைசிப் பங்குக்கு வந்துவிட்டன. 2012-இல் 100.64 என்று தொடங்கும் தொகுதியை இப்படிப் பகிர்ந்துகொள்வதற்கென்றே ஒதுக்கினார்கள். அதன்பிறகு ஃபைபர் இழுத்த சிற்றூர்கள் பலவற்றுக்கு முழு முகவரி எட்டவே இல்லை.

கேட்க வேண்டியவரிடம் சரியான சொல்லில் கேளுங்கள். ‘ஏங்ணா, சர்வர் வைக்கோணும், போர்ட் ஓப்பன் பண்ணி விடுங்க’ என்றால் ரூட்டரில் எதையோ மாற்றிவிட்டுப் போவார். ‘நம்ம லைனுக்குப் பப்ளிக் ஐபி வருதுங்களா, இல்ல நேட்டுக்குப் பின்னாடி இருக்குதுங்களா? ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா மாசம் எவ்வளவுங்க?’ என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். தெரியாவிட்டாலும் மேலே யாரிடம் கேட்பது என்று அவருக்குப் புரியும். கூடவே, வீட்டு இணைப்பில் சர்வர் வைக்க அவர்களுடைய நிபந்தனை இடம் தருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பொது முகவரி கிடைக்கவே கிடைக்காது என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சம் கிடையாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்தமாகப் பொது முகவரி. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 2 என்ற எண்ணில் தொடங்கும் நீளமான முகவரி இருந்தால் உங்களுக்கு அது வருகிறது. எஃப்இ80 என்று தொடங்குவது கணக்கில் வராது. இந்திய மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் செல்போனில் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கும். பழைய முறை மட்டும் ஓடும் அலுவலக இணைப்பிலிருந்து திறக்காது. இன்னொரு வழி சுரங்கம்: உங்கள் சர்வரே வெளியே போய் ஓர் இடைத்தரகர் சர்வரோடு இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும், பார்ப்பவர்கள் அந்த இடைத்தரகரிடம் வருவார்கள். கிளவுட்ஃப்ளேர் டன்னல் இந்த வகை. அதில் போர்ட் திறக்கும் வேலையே இல்லை, ஆனால் உங்கள் பக்கம் முழுவதும் இன்னொருவர் கை வழியாகப் போகும். மழைக்கணக்குக்கு அது போதும். குடும்ப ஆவணங்களுக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

இனி வருவது பொது முகவரி உள்ள வீட்டுக்கு.

80 ஏன் அடைபட்டது

2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு கிளம்பியது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் என்ற வெப் சர்வரில் இருந்த ஓட்டையைப் பிடித்து, 80-ஆம் போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளுக்கு மேல் அதன் பிடியில் விழுந்தன. தங்கள் கணினியில் வெப் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாத வீட்டுக்காரர்களும் அதில் உண்டு. அமெரிக்க இணைய நிறுவனங்கள் பல வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் 80-ஐ அப்போதுதான் அடைத்தன. பிறகு அது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இதில் எனக்குக் கோபமில்லை. பராமரிக்கப்படாத ஒரு சர்வர் தெருவையே கெடுக்கும் என்பதை அந்த வாரம் காட்டியது.

நம் வீட்டில் இன்னொரு சாதாரணக் காரணமும் இருக்கலாம். ரூட்டரின் நிர்வாகப் பக்கமே 80-லும் 443-லும் உட்கார்ந்திருக்கும். அந்த எண்களை உங்களுக்கு விட்டுக்கொடுக்காது.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது

போர்ட் எண்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். 0 முதல் 1023 வரை பெரிய சேவைகளுக்கு; லினக்ஸில் இவற்றைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும். 1024 முதல் 49151 வரை பதிவு செய்யப்பட்டவை. அதற்கு மேலுள்ளவை தற்காலிக இணைப்புகளுக்கு. லினக்ஸ் தன் தற்காலிகத் தேவைக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். 1024-க்கு மேல் திறப்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது: சர்வர் மென்பொருளை நிர்வாகி உரிமையே இல்லாத சாதாரணப் பயனராக ஓட்டலாம்.

மனதுக்குப் பிடித்த எண், வண்டி எண், பிறந்த நாள் என்று வைப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சில எண்களை உலாவிகளே திறக்க மறுக்கும். 6000, 5060, 5061, 6665 முதல் 6669 வரை இந்த வகை. அவை வேறு சேவைகளுக்கு உரியவை என்பதால், உலாவியை ஏமாற்றி அவற்றுக்குள் நுழைவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. 2021-இல் 10080-ஐயும் குரோம் இந்தப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அந்த எண்ணில் ஓடிய பக்கங்கள் ஒரு புதுப்பிப்பில் திறக்காமல் போயின. 7547-ஐயும் தொடாதீர்கள். இணைய நிறுவனம் உங்கள் ரூட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கதவு அது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு ரூட்டர்கள் முடங்கியது அந்தக் கதவைக் குறிவைத்த தாக்குதலால்தான்.

கல்லூரி ஆய்வகம், அலுவலகம், விடுதி வைஃபை இவற்றில் பல, வெளியே போகும் போர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும். 23517 என்று யாருக்கும் தெரியாத எண்ணை வைத்தால் அங்கெல்லாம் உங்கள் பக்கம் திறப்பது சந்தேகம். 8080-உம் 8443-உம் நெடுங்காலமாக 80-க்கும் 443-க்கும் மாற்றாகப் புழங்குவதால் அவற்றை அனுமதித்திருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். என் தீர்ப்பு 8443. பாதுகாப்பான இணைப்பு மட்டும், ஒரே எண், பிறகு மாற்றுவதே இல்லை. நீங்கள் கொடுத்த எண் பிறருடைய வாட்ஸ்அப்பிலும் டைரியிலும் ஏறிவிடும். மாற்றினால் அவர்களுக்கெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும்.

ரூட்டரில் செய்ய வேண்டியது

சர்வருக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி வேண்டும். ரூட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் ராஸ்பெர்ரி பையின் மேக் எண்ணுக்கு (அந்தப் பலகையின் வன்பொருள் எண்) எதிரே 192.168.1.10 என்று கட்டிவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒருநாள் கரண்ட் போய் வந்தபின் அந்த முகவரி டிவிக்குப் போய்விடும். கோரிக்கைகளும் டிவியைத் தட்டும்.

அடுத்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’. சில ரூட்டர்களில் ‘வர்ச்சுவல் சர்வர்’ என்ற பெயரில் இருக்கும். வெளி போர்ட் 8443, உள் முகவரி 192.168.1.10, உள் போர்ட் 8443, வகை டிசிபி. வெளியே 8443, உள்ளே 443 என்றும் வைக்கலாம், ஓடும். ஆனால் பார்வையாளரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும்போது சர்வர் தனக்குத் தெரிந்த எண்ணைத்தான் முகவரியில் எழுதும். உள்ளே 443 என்றால் எண்ணே இல்லாத முகவரியை எழுதி, பார்வையாளரை மூடிய கதவுக்கு அனுப்பிவிடும். முதல் பக்கம் வருகிறது, உள்ளே சொடுக்கினால் தொங்குகிறது என்ற புகார் எழுந்தால் முதலில் இங்கே பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஃபைபர் முடியும் ஓஎன்டி பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று என்று வீட்டில் இரண்டு இருந்தால் இரண்டிலும் வழிவிட வேண்டும். ஓஎன்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரச் சொல்வது அதைவிடச் சுத்தம். யூபிஎன்பி என்ற வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள கருவிகள் உங்களைக் கேட்காமலே கதவு திறக்க அனுமதிப்பது அது.

இப்போது சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து உங்கள் பொது முகவரியை அழைத்தால், கோரிக்கை ரூட்டர் வரை போய் அங்கேயே வளைந்து வீட்டுக்குள் திரும்ப வேண்டும். நெட்வொர்க் மொழியில் இதற்கு ஹேர்பின் என்று பெயர். காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலிவான ரூட்டர்கள் பலவற்றுக்கு இப்படித் திரும்பத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலிருந்து திறக்கவில்லை என்பதற்காக அமைப்பையெல்லாம் கலைத்துப் போட்டவர்கள் உண்டு. மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

திறக்காவிட்டால் உலாவி சொல்வதைக் கவனியுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே சொன்னால், கோரிக்கை ஏதோ ஓர் இடத்தை எட்டியிருக்கிறது, அங்கே அந்த எண்ணில் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். சர்வர் ஓடுகிறதா, சரியான போர்ட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று சொன்னால், கோரிக்கையை வழியில் யாரோ விழுங்கியிருக்கிறார்கள். வந்து சேரும் கோரிக்கைகளை வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைச் சர்வரில் 8443-க்கு ஓடவிட்டு, மறுபடி செல்போனில் திறங்கள். ஒரு வரியும் விழாவிட்டால் சிக்கல் ரூட்டரிலோ நிறுவனத்திலோ. வரி விழுந்தும் பக்கம் வராவிட்டால் சர்வரின் ஃபயர்வாலில்.

பெயரும் சான்றிதழும்

ஸ்டேட்டிக் ஐபி வாங்காத வீட்டில் கரண்ட் போய் ரூட்டர் மறுபடி எழுந்தாலே பொது முகவரி மாறிவிடலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளிலும் இதை எதிர்பார்க்கலாம். டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயரை எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புது முகவரியைத் தெரிவிக்கும் சின்ன நிரலைச் சர்வரில் போட்டுவிடுங்கள்.

பெயர் முகவரியை மட்டுமே சொல்லும். போர்ட் எண்ணைச் சொல்லாது. எனவே பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 8443 என்று எப்போதும் எழுதியாக வேண்டும். போனில் வாய்ச்சொல்லாகச் சொல்லும்போது கேட்பவர் இதைத்தான் விட்டுவிடுவார். கியூஆர் கோடாக அச்சடித்துக் கொடுங்கள். அல்லது கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஒரே ஒரு பக்கம் வைத்து, அங்கே வருபவரை எண்ணோடு கூடிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

பூட்டுக்குறிக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. வேறு போர்ட்டில் ஓடுபவர்கள் அதிகம் திகைத்து நிற்கும் இடம் இதுதான். பெயர் உங்களுடையதா என்று சோதிக்க அவர்கள் மூன்று முறைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று 80-ஐ மட்டும் தட்டும், ஒன்று 443-ஐ மட்டும் தட்டும். 8443-க்கு வா என்றால் வராது. மூன்றாவது முறை டிஎன்எஸ் வழி. அவர்கள் தரும் ஒரு சொல்லை உங்கள் பெயரின் டெக்ஸ்ட் பதிவில் எழுதிக் காட்டினால் போதும், எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். டக்டிஎன்எஸ் இதற்கு இடம் தருகிறது. ஆனால் சான்றிதழைக் கையால் புதுப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 90 நாளில் காலாவதியாகும் சான்றிதழ்களின் ஆயுளை இன்னும் சுருக்குவதென்று முடிவாகிவிட்டது. 2029 மார்ச்சுக்குள் அதிகபட்சம் 47 நாள் என்பது உலகம் முழுவதற்குமான விதி.

சான்றிதழ் வந்ததும் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘லிசன்’ வரியில் 8443 என்றும், அதன் பக்கத்தில் எஸ்எஸ்எல் என்றும் எழுதுங்கள். யாராவது எச்டிடிபி என்று தொடங்கி 8443-க்கு வந்தால் என்ஜின்எக்ஸ் 400 என்ற பிழையைக் காட்டும். அதற்குள்ளே 497 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. அதைப் பிடித்துச் சரியான முகவரிக்குத் திருப்பிவிட ஒரு வரி சேர்த்தால் பார்வையாளருக்குக் குழப்பம் வராது. அதே பெயரில் 8444, 8445 என்று வேறு சேவைகளும் வைப்பீர்களானால் இன்னொன்று: போர்ட் வேறானால் உலாவி அதை வேறு தளமாகக் கருதினாலும், குக்கீகள் போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஒரு சேவையின் நுழைவுக் குக்கீ பக்கத்துச் சேவைக்கும் போகும். நம்பகமில்லாத எதையும் அதே பெயரின் கீழ் வைக்காதீர்கள்.

எண்ணை மாற்றினால் பூட்டு ஆகாது

8443-இல் வைத்திருக்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பை இன்றே விட்டுவிடுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2013-இல் வெளியான ஜிமேப் கருவி, ஒரு போர்ட்டை எடுத்துக்கொண்டு உலகின் அத்தனை பழைய முறை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும். 2009-இலிருந்து ஓடும் ஷோடான் என்ற தேடுபொறி இப்படித் திறந்திருக்கும் கதவுகளைப் பட்டியலிட்டே வைத்திருக்கிறது. சான்றிதழ் வாங்கிய நிமிடமே உங்கள் தளத்தின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. எண்ணை மாற்றுவதால் லாகில் குப்பை குறையும். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் இருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கோழிப்பண்ணை, லாரி பட்டறை, கடை என்று கேமரா ஏறாத இடமில்லை. செல்போனில் பார்ப்பதற்காக டிவிஆர் பெட்டிக்கு 8000, 34567, 37777 என்று ஏதாவது ஒரு போர்ட்டைத் திறந்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைத்த இடங்கள் இன்னும் இருக்கலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்தது இதே பழக்கத்தால்தான். கூட வந்த கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தது, திறந்தது. சர்வருக்காக ரூட்டருக்குள் நுழைந்த கையோடு அந்தப் பழைய ஃபார்வர்டிங் வரிகளையும் தேடி அழியுங்கள்.

சர்வரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியை வெளியே திறக்கவே வேண்டாம். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளியிலிருந்து பார்க்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். குடும்பத்தார் நாலு பேர் மட்டும் பார்க்கும் படங்கள் என்றால் 8443-ஐ உலகுக்கே திறப்பது தேவையற்ற வேலை. அடுத்த அத்தியாயத்தில் வரும் வயர்கார்ட் அதற்குப் பொருத்தம்.

கரண்டும் இடியும்

கோடை மழை மலையடிவாரத்தில் இடியோடுதான் இறங்கும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மின்னலைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும். சர்வருக்கும் ஓஎன்டிக்கும் சேர்த்து சர்ஜ் பாதுகாப்புள்ள ஒரே பலகை வையுங்கள், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இடி பலமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மழைப் பக்கம் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. திடீர் மின்தடையில் முதலில் கெடுவது மெமரி கார்டு; அதனால் சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் இயங்குதளத்தை ஏற்றுங்கள். ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஓஎன்டிக்கு மிகவும் உதவும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். ராஸ்பெர்ரி பை சராசரியாக 5 வாட் எடுப்பதாக வைத்தாலும் 60 நாளுக்கு 7.2 யூனிட். இரண்டு மாதக் கணக்கின் இலவச 100 யூனிட்டில் அது ஒரு சிறு பங்கு.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் பெயர், 8443, சர்வரின் உள் முகவரி, ரூட்டரில் அந்த வரியை எங்கே போய் அணைப்பது என்ற விவரம், இந்த நான்கையும் எழுதி ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள். அது தனியாக, பத்திரமாக இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஏதாவது தவறாகப் போனால், அந்தக் கதவை மூட வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரை உட்கார வைத்து ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.